கணவருடன் வசிக்கிறார்

கண்ணா,

உன் எதிரில் கம்ப்யூட்டர் திறந்திருந்தால் மூடிவிட்டு இதைப் படி. வாட்ஸப்பில் அனுப்பியிருப்பேன். நாள் முழுக்க நீ பார்க்கிற திரையில் நானும் வந்து உட்கார வேண்டாம் என்றுதான் கோடு போட்ட தாள் வாங்கி, நர்ஸிங் பள்ளியில் பழகிய கையெழுத்தில் எழுதுகிறேன். எதிர்வீட்டு ஸ்டீபன் தினமும் பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர். நாளைக் காலை உன் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் கொடுத்துவிடச் சொல்லி அவரிடம் தரப்போகிறேன். இன்று புதன்கிழமை. வேலையை விடுவதாக நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாய். நடுவில் எனக்கு நான்கு நாட்கள் இருக்கின்றன.

காலையில் உன் செய்தி வந்தபோது காபிக்குப் பால் வைத்திருந்தேன். "ரிசைன் லெட்டர் ரெடிமா. இனி பேஷன்ட் பார்க்கப்போறதில்ல. பெங்களூர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஓகே சொல்லிட்டேன்." இரண்டு தடவை படிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு உன் படிப்பு ஞாபகத்துக்கு வரவில்லை, நோயாளிகளும் வரவில்லை. அம்பத்தூர் என்றால் ஐந்தாறு ஸ்டேஷன், பெங்களூர் என்றால் ஒரு ராத்திரி ரயில் என்றுதான் கணக்குப் போட்டேன். இதை மறைத்துவிட்டு உனக்கு அறிவுரை எழுத உட்கார்ந்தால் நாலாவது வரியில் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் இந்தக் கடிதத்தில் என் சுயநலமும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே படி.

உங்கப்பா போனபிறகு நமக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். சர்ச் முடிந்து நான் வந்து குக்கரை ஏற்றுவேன், நீ பன்னிரண்டு மணிக்கு வருவாய், தோளில் லேப்டாப் பையோடு. மட்டன் குழம்பு ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். வலது கையில் சாப்பிட்டுக்கொண்டே இடது கை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கும். அந்த வாரம் பார்த்த நோயாளிகளின் குறிப்புகளை முடிக்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து சிவப்பு எழுத்தில் செய்தி வரும் என்றாய். நான் பேசுவேன், நீ "ம்" என்பாய். ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். எதிர்வீட்டில் யானை வாங்கியிருக்கிறார்கள், வாசலில் கட்டியிருக்கிறார்கள் என்றேன். "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்றாய். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன், நீயும் நிமிர்ந்து பார்த்து எதற்கென்று தெரியாமலே சிரித்தாய். பெண் பார்க்கிற பேச்சை எடுத்தால் மட்டும் உன் காது நன்றாகக் கேட்கும். உடனே நோட்ஸ் முடிக்க வேண்டும் என்று அவசரம் வந்துவிடும்.

நீ என்னிடம் சொல்லாமல் இல்லை. உங்கப்பா போய் நாலு மாதம் இருக்கும், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "முடியலமா, ஒருத்தரப் பாக்க ஆறு நிமிஷம், எழுத பத்து நிமிஷம்" என்றாய். பர்ன்-அவுட் என்று ஒரு வார்த்தையும் சொன்னாய். எங்கள் வார்டில் அதற்கு அப்படிப் பெயர் எதுவும் கிடையாது, "சிஸ்டருக்கு இன்னைக்கு மூஞ்சி சரியில்ல" என்போம், அவ்வளவுதான். நான் அன்று உனக்கு என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "நாங்கல்லாம் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பார்த்தோம். நீ ஏசி ரூம்ல உட்கார்ந்து டைப் அடிக்கிறதுக்கே அலுத்துக்கிறியா?" என்றேன். அதற்குப் பிறகு நீ வேலையைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. நான் செய்த முதல் தப்பு அது. இரண்டாவது தப்பு இன்னும் பெரியது, அது உனக்கு இன்றுவரை தெரியாது.

போன ஜூலையில் உன் ஆஸ்பத்திரிக்கு நான் டோக்கன் போட்டுக்கொண்டு வந்தேனே, முட்டிவலி என்று. முட்டி வலித்தது உண்மைதான், அது பத்து வருஷமாக வலிக்கிறது. வீட்டில் என் முகத்தைப் பார்க்காத பிள்ளை நோயாளியாகப் போனால் பார்க்கத்தானே வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். சிரிக்காதே. புடவை மாற்றி, பவுடர் போட்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ரயில் ஏறினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருதடவை உங்கப்பா என்னைக் கூட்டிவந்து காட்டியிருந்ததால் என் பழைய பதிவு நம்பர் இருந்தது. வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கதவு பாதி திறந்தபடியே இருந்தது. எனக்கு முன்னால் போன பாட்டியம்மா உள்ளே போன கொஞ்ச நேரத்தில், "இன்னா டாக்டரே, நான் இங்க குந்திக்கினு கீறேன், நீ அந்தப் பொட்டியாண்ட இன்னா கேட்டுகினு கீற?" என்றது வெளியே எல்லாருக்கும் கேட்டது. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் என் பிள்ளையைச் சொல்லிவிட்டாளே என்று உள்ளே சுருக்கென்றது.

என் முறை வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாய். முகமெல்லாம் சிரிப்பு. "என்னம்மா இது" என்று கையைப் பிடித்தாய். அந்த அரை நிமிஷம் எனக்குப் போதும் போலிருந்தது. பிறகு வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாய், உட்கார்ந்தாய், கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. பசி எப்படி, தூக்கம் எப்படி என்று திரையைப் பார்த்தே கேட்டாய். தூக்கம் வருவதில்லை, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். உன் விரல்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டதைப் பார்த்ததும் "பரவாயில்லப்பா" என்றேன். ஏதோ பொத்தானைத் தட்டினாய், பிரின்ட் வந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிள்ளை எழுதியதாயிற்றே என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது. முட்டியைப் பற்றி நாலு வரி, மாத்திரை இரண்டு. மேலே, குடும்ப விவரம் என்ற இடத்தில், கணவருடன் வசிக்கிறார் என்று இருந்தது. தூக்கம் சீராக உள்ளது. மனநிலை, மகிழ்ச்சி. கீழே உன் பெயர், உன் கையெழுத்து. உங்கப்பா சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்து நடந்தவன் நீ. அன்று அதற்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

எனக்கு எப்படி நடந்தது என்று தெரியாமல் இல்லை. போன தடவை எழுதியதை ஒரே தட்டில் இந்தத் தடவைக்கும் இறக்கிவிடும் பொத்தான் ஒன்று இருப்பதாக நீயே ஒருதரம் சொல்லியிருக்கிறாய், அது இல்லாவிட்டால் ஒரு நாளும் வீட்டுக்குப் போக முடியாது என்றாய். முட்டியைப் பற்றிய வரிகளை மட்டும் திருத்தினாய், மற்றதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தையது அப்படியே இறங்கிவிட்டது. எல்லாம் புரிந்தது. புரிந்தும் கோபம் வந்தது. ஆவடியில் இறங்கி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அடுத்த ரயிலில் வீடு வந்தேன். அந்தத் தாளை பைபிளுக்குள் வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். திட்டியாவது இருக்க வேண்டும். நான் செய்தது வேறு. மூன்று ஞாயிற்றுக்கிழமை உன்னை வரவேண்டாம் என்றேன். ஒருவாரம் சர்ச்சில் பெண்கள் கூட்டம், ஒருவாரம் திருவேற்காட்டில் பழைய சிஸ்டர் வீட்டு விசேஷம், ஒருவாரம் தலைவலி. எந்தக் கூட்டமும் இல்லை, விசேஷமும் இல்லை. வீட்டில்தான் இருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் நீ ஐந்து தடவை கூப்பிட்டாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அது அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

அந்த மதியம் நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று அடுத்த ஞாயிறு தெரிந்தது. அன்று லேப்டாப் இல்லாமல் வந்தாய். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாய்க்குக் கொண்டு போகவில்லை. வேப்பம்பட்டிலிருந்து சுகருக்கு வருகிற ஒரு கட்டிட மேஸ்திரி, கால் விரல் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார், விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றாய். முந்தைய மூன்று தடவையும் அவர் உன்னிடம்தான் வந்திருக்கிறார். மூன்று தடவையும் பாதங்கள் இரண்டும் நார்மல், புண் இல்லை என்று எழுதியிருக்கிறது. "நான் அவர் காலைப் பார்க்கவே இல்லமா. பார்த்தேன்னு எழுதியிருக்கு. என் பேர்ல எழுதியிருக்கு" என்றாய். யாரும் உன்மேல் புகார் கொடுக்கவில்லை. நீயாகத்தான் வார்டுக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறாய். அவர், "செருப்ப நானும் கயட்டலியே சார்" என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் நீ அழுதாய். அவர் திட்டியிருந்தால் உனக்கு இவ்வளவு வந்திருக்காது. நான் உன் முதுகைத் தடவினேன், தட்டை எடுத்துக் கழுவினேன். பைபிளுக்குள் இருக்கும் தாளைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. அன்றைக்கே உனக்கு இந்தக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும், உங்கப்பாவிடம்கூடச் சொல்லாத கதை.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், பெண்கள் வார்டு. காலையில் எல்லாருக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். டியூட்டி மாறுவதற்குள் பதினோரு ரிஜிஸ்டரும் முடிக்க வேண்டும், மருந்து ரிஜிஸ்டர், துணி ரிஜிஸ்டர், சாப்பாட்டு ரிஜிஸ்டர் என்று. ஒருநாள் ரிஜிஸ்டரெல்லாம் முடிந்தது, நேரமும் முடிந்தது. மேஜையில் உட்கார்ந்தபடியே சார்ட்டுகளை எடுத்து 98.4, 98.4, 98.4 என்று வரிசையாகப் போட்டுவிட்டேன். ஒருத்தியைக்கூடத் தொடவில்லை. எல்லாரும் எப்போதாவது செய்வதுதான் என்று சொல்லிக்கொண்டேன். பிரசவமாகி மூன்றாம் நாள், பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவளுக்கு அன்று உடம்பு அனலாகக் கொதித்தது. டியூட்டி மாற வந்த இன்சார்ஜ் சிஸ்டர் போர்வையைச் சரி செய்யப் போய்த்தான் கண்டுபிடித்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் நெற்றியில் என் உள்ளங்கையை வைத்தார். "கொதிக்குது பாரு. நீ என்ன எழுதியிருக்கே, சத்தமாப் படி" என்றார். படித்தேன். அந்தப் பெண்ணும் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிழைத்தாள். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

மறுநாள் நானும் உன்னைப்போல லெட்டர் எழுதிக்கொண்டு போனேன். சிஸ்டர் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உட்காரச் சொன்னார். பதினோரு ரிஜிஸ்டரையும் மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, "இதை யார் படிக்கிறா?" என்று கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் அவர் செய்த குறும்பு ஒன்று உண்டு. துணி ரிஜிஸ்டரில், பெட்ஷீட் இத்தனை, தலையணை உறை இத்தனை என்பதற்குக் கீழே, பூனை ஒன்று, நல்ல நிலையில் என்று தினமும் என்னை எழுதச் சொன்னார். ஒரு மாதம் எழுதினேன். மேட்ரன் ஒரு மாதமும் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் சிஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேட்ரன் எதிரில் விரித்து வைத்தார். மேட்ரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு ரிஜிஸ்டர் நின்றது, இரண்டு ஒன்றானது. மிச்சமான அந்த நேரத்தில் நான் மறுபடி ஆட்களைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். என் லெட்டரை அவர் திருப்பித் தரவே இல்லை.

இதைச் சொல்லி, நீ வேலையை விடாதே என்று உன்னைக் கட்டிப்போட நான் வரவில்லை. ஆனால் நீ கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அந்தப் பொத்தான் அங்கேயேதான் இருக்கும், உன் நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்து தட்டுவான். உன் திரையில் இருக்கிற கட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இதை யார் படிக்கிறார்கள் என்று எழுது. பதில் இல்லாததையெல்லாம் உன் பெரிய டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டு. பூனை யோசனை தேவையென்றால் சொல், நான் வந்து சொல்லித் தருகிறேன். எடையும் பிரஷரும் ஏன் நீ கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், வெளியே சிஸ்டர் சும்மாவா இருக்கிறாள்? அவளே ஏற்றட்டும், செருப்பையும் அவளே கழற்ற வைத்து உள்ளே அனுப்பட்டும், வெறுங்காலோடு வருகிறவர் காலை நீ பார்க்காமல் இருக்க முடியாது. பழைய வியாதி, பழைய ஆபரேஷன் இதெல்லாம் தானாக இறங்கட்டும், அது மாறாது. நீ தொட்டுப் பார்த்து எழுத வேண்டிய இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் காலியாகத் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர்காரர்களிடம் கேள். காலியாக இருந்தால் பார்க்கவில்லை என்று அர்த்தம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்புறம் பக்கம் பக்கமாக வேண்டாம், நோயாளி எதிரில் இருக்கும்போதே நாலு வரி எழுது, எழுதியதைத் தமிழில் அவருக்குச் சத்தமாகச் சொல்லு. அரை நிமிஷம் ஆகும். அது முடிந்தால் அந்த ஆளோடு வேலை முடிந்தது, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர எதுவும் இருக்காது. ஜூலையில் நீ எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால், நீங்க உங்க வீட்டுக்காரரோட இருக்கீங்க என்று நீ பாதி சொல்லும்போதே நீயே நிறுத்தியிருப்பாய், நானும் பேசியிருப்பேன். அங்கேயே தீர்ந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டும் அவர்கள் ஒன்றும் செய்யவில்லையென்றால் தாராளமாக லெட்டரைக் கொடு. பெங்களூருக்குப் போ. மற்ற டாக்டர்கள் இப்படி எழுதியதையெல்லாம் நாள் முழுக்க உட்கார்ந்து சரி பார்க்கிற வேலை என்கிறாயே, அது உனக்கு நிம்மதியாக இருக்குமா என்று மட்டும் யோசித்துக்கொள். நான் தடுக்க மாட்டேன். பெட்டி கட்டித் தருவேன்.

காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத எழுத ஒன்று தெரிந்தது, அதைச் சொல்லாமல் முடித்தால் நான் எழுதியதெல்லாம் வீண். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, நேற்றைய வரியை அப்படியே இன்றைக்கும் போட்டுவிட்டாய் என்று. நான் மட்டும் என்ன செய்தேன்? தினமும் மதியம் ஒரு நிமிஷம் கூப்பிடுகிறாய், எப்படிம்மா இருக்கே, சாப்பிட்டியா என்கிறாய். நல்லாயிருக்கேன், சாப்பிட்டேன் என்கிறேன். உங்கப்பா போன மறுவாரத்திலிருந்து இதே இரண்டு வார்த்தைதான். எத்தனை நாள் காலையில் போட்ட காபியோடு சரி என்று உனக்குத் தெரியாது. நான் தெரியவிடவில்லை. நீ ஆஸ்பத்திரியில் நேருக்கு நேராகக் கேட்டபோதும் தூக்கம் பரவாயில்லை என்றேன். அப்படியிருக்க நீ என்னவென்று எழுதுவாய்?

நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என் வாயிலிருந்து வந்த பேச்சு, உன்னிடம் சொன்ன அந்த "நல்லாயிருக்கேன்" மட்டும்தான். அதுவும் உண்மையில்லை. சனிக்கிழமை வந்துவிடு கண்ணா. லெட்டரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேள். இந்தத் தடவை சொல்கிறேன்.

உனக்காகக் காத்திருக்கும்,
அம்மா